402 மீட்டருக்கு ஆறு லட்சம்: ஒரு பழைய எஸ்டீம் டிராக் கார் ஆன கணக்கு

சென்னைப் பக்கம் நடந்த டிராக் (drag) போட்டியில், அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல் (402 மீட்டர்) ஓடும் பந்தயத்தில், எங்கள் எஸ்டீம் 15.1 விநாடியில் கோட்டைக் கடந்தது. வாங்கிய புதிதில் இதே கார் 17.6 எடுத்துக்கொண்டது. இந்த இரண்டரை விநாடிக்கு ஆன செலவு ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய். பெங்களூரில் இந்த வேலையில் இறங்க நினைக்கிற பையன்கள் முதலில் கேட்பது "எஞ்சினுக்கு எவ்வளவு ஆகும்ணா?" என்பதுதான். ரசீதுகளை எல்லாம் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தால் எஞ்சினுக்குப் போனது பாதிக்கும் குறைவு. அந்தப் பணமும் முழுதாகப் பலன் தந்தது மற்ற வேலைகள் முடிந்த பிறகுதான். எது எந்த வரிசையில் நடந்தது, எவ்வளவு ஆனது என்று அப்படியே எழுதுகிறேன்.

கார் 2004 மாடல் மாருதி எஸ்டீம், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் வகை). விலை 70,000. எஸ்டீமைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிது. 1298 சி.சி., 16 வால்வு, கம்பெனிக் கணக்குப்படி 85 குதிரைத்திறன், பாடி லேசு. 2007-லேயே தயாரிப்பு நின்றுவிட்டாலும் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளிலும் இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது. ஹோண்டா சிட்டி வி-டெக் எடுக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எஞ்சின் இதைவிட நல்லதுதான். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டியின் விலையே எங்கள் பட்ஜெட்டில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் காரை அப்படியே ஓட்டி நேரம் எடுத்தோம். ஓசூர்ப் பக்கம் ஒரு தனியார் விமான ஓடுதளத்தைச் சில குழுக்கள் வாடகைக்கு எடுப்பதுண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு கொடுத்துச் சேர்ந்துகொள்ளலாம். பொதுச் சாலையில் சோதனை செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. எதிரே வருகிறவனுக்கு நம் நேரக்கணக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. முதல் நாள் அளவு: 402 மீட்டர் 17.6 விநாடி, கோட்டைத் தாண்டும் வேகம் மணிக்கு 124 கி.மீ., முதல் 60 அடிக்கு 2.62 விநாடி.

இந்த மூன்று எண்களையும் தனித்தனியாகப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பணம் மிச்சம். கடைசி வேகம் எஞ்சினின் சக்தியைச் சொல்லும். முதல் 60 அடி, அதாவது 18.3 மீட்டர், சக்கரம் தரையை எப்படிப் பிடிக்கிறது என்று சொல்லும். மொத்த நேரம் இரண்டும் கலந்த விடை. கிளம்பும் இடத்தில் 60 அடிக்கு நேரம் பார்க்கும் பழக்கம் அமெரிக்க டிராக் ஓட்டத்திலிருந்து வந்தது. அங்கே இதன் பெரிய சங்கமான என்.எச்.ஆர்.ஏ.-வை வாலி பார்க்ஸ் 1951-ல் தொடங்கினார். அங்கே ஓடும் மிக வேகமான வகுப்பான டாப் ஃப்யூயல் வண்டிகள் 2008 முதல் கால் மைல்கூட ஓடுவதில்லை, பாதுகாப்புக்காக 1000 அடியோடு நிறுத்திக்கொள்கின்றன. நம் 85 குதிரை எஸ்டீமுக்கும் 60 அடிக் கணக்கு அதேதான். முதல் 60 அடியில் பத்தில் ஒரு விநாடி மிச்சமானால் கோட்டில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு, சில சமயம் இரண்டு பங்கு மிச்சமாகும்.

முதல் வேலை எடையைக் குறைப்பது. செலவு அநேகமாக இல்லை. பின் சீட், பக்கத்து சீட், ஏ.சி., தரைவிரிப்பு, ஸ்டெப்னி எல்லாம் போனது. கழற்றிய சாமான்களை விற்றதில் 9,000 வந்தது. சத்தத்தை அடக்கத் தரைத் தகட்டில் ஒட்டியிருக்கும் தார்ப் பட்டைதான் நிறையப் பேரை மலைக்க வைக்கும். உளியால் சுரண்டினால் தகடு நெளியும், ஹீட் கன்னால் சூடாக்கினால் கையெல்லாம் பிசின். நாங்கள் டிரை ஐஸ் வாங்கி, சின்னக் கட்டிகளாக உடைத்துப் பரப்பி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டுக் கால் மணி நேரம் விட்டோம். அதன் பிறகு சுத்தியலால் லேசாகத் தட்டினால் போதும். தார் கண்ணாடி மாதிரி நொறுங்கித் தகடு பளிச்சென்று வெளியே வந்தது. தடிமனான கையுறை வேண்டும், கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும். அதிலிருந்து வரும் கரியமில வாயு காருக்குள் தேங்கினால் மூச்சுத் திணறும். எடைமேடையில் பாதி டேங்க் பெட்ரோலோடு 890 கிலோ இருந்த கார் 770-க்கு இறங்கியது.

அப்புறம் ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவரைக் காக்கும் குழாய்க் கூடு) போட்டோம், 30 கிலோ திரும்பி ஏறியது. இதில் பேரம் பேசவே கூடாது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் விதி சொல்கிறபடி தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த குழாய்தான் வேண்டும். பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. சுவர், மற்றவற்றுக்கு 38 மி.மீ., அதே 2.5 சுவர். பெங்களூரில் சில பட்டறைகளில் சாதாரணத் தண்ணீர்க் குழாயை வளைத்து வர்ணம் அடித்துக் கொடுக்கிறார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இடித்தால் தையல் வாய் பிளக்கும். குழாய் வாங்கும்போதே சோதனைச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பீன்யாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் 65,000 ஆனது. சீட், ஆறு முனை பெல்ட், ஹெல்மெட், தீத்தடுப்பு உடை, தீயணைப்பான் எல்லாம் சேர்த்து 95,000. ஆக எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன்பே பாதுகாப்புக்கு மட்டும் 1,60,000. இந்த எண்ணை மனதில் வைக்காமல் பட்ஜெட் போடுகிறவர்கள் பாதி வழியில் பணமில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கேஜ் போட்ட பிறகு இந்தக் கார் சாலைக்கு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இப்படி மாற்றிய வண்டியை ஓட்ட இடம் தராது. அதன் பிறகு எங்கே போனாலும் லாரி மேல்தான். எடை குறைந்த காரின் நேரம் 17.0.

இப்போது எஞ்சின். லிங்கராஜபுரத்தில் எங்கள் மெக்கானிக் அண்ணன் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினார். அதில் பெட்ரோல் எரியும் நான்கு அறைகளின் கொள்ளளவையும் அளக்க ஒரு பியூரெட் (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்), நடுவில் ஓட்டை போட்ட பெர்ஸ்பெக்ஸ் தட்டு, கொஞ்சம் கிரீஸ், சிவப்பு மை கலந்த மண்ணெண்ணெய். வால்வுகளைப் போட்டு ஸ்பார்க் பிளக்கை முறுக்கி, தட்டைக் கிரீஸால் ஒட்டி, ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக நிரப்ப வேண்டும். கடைசிக் காற்றுக் குமிழி ஓரத்தில் போய் ஒளிந்துகொள்ளும். ஹெட்டைச் சற்றே சாய்த்தால்தான் வெளியே வரும். எங்களுக்குக் கிடைத்த அளவுகள் 29.8, 30.4, 30.1, 30.6 சி.சி. சின்ன அறைகளைக் கல்லால் தேய்த்துப் பெரியதற்குச் சமமாக்கிவிட்டு, பீன்யாவில் ஹெட்டின் அடிமுகத்தை 1 மி.மீ. சீவினோம். கேஸ்கெட், பிஸ்டன் குழிவு எல்லாம் கணக்கில் எடுத்தால் 9.5 இருந்த கம்ப்ரஷன் (காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்) 10.3 ஆனது. லேத்காரர் கிருஷ்ணகிரி ஆள், "தம்பி, இன்னும் ஒரு அரை மில்லி எடுத்துடலாமா?" என்று ஆசை காட்டினார். வேண்டாம் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. புது கேமை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாட்டி, பிஸ்டன் தலையில் களிமண் வைத்துக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தபோது இன்டேக் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மிஞ்சியிருந்தது 1.8 மி.மீ. அதற்கு மேல் குறைக்க இடமில்லை.

ஹெட்டைச் சீவினால் டைமிங் பெல்ட்டின் நீளக் கணக்கு மாறிக் கேம் சற்றுப் பின்தங்கும். ஆகவே திருத்தக்கூடிய கேம் புல்லி கட்டாயம். போர்ட் வேலை, கேம் ரீகிரைண்ட், கனமான வால்வு ஸ்பிரிங், 4-2-1 எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்த்து 1,35,000.

எஞ்சினின் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஆளும் கணினியான இசியுவுக்கு ஸ்பீடுயினோ எடுத்தோம். ஆர்டுயினோ மெகா பலகையில் ஓடும் திறமூலத் திட்டம். கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் (36-ல் ஒரு பல் இல்லாதது), புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் பாஷ் எல்.எஸ்.யு. 4.9 வைட்பேண்ட் சென்சார், புது வயரிங், காரின் சக்தியை அளக்கும் டைனோ மேடைக்கு வாடகை, டியூனருக்குக் கூலி, மொத்தம் 90,000. இசியுவின் விலை இதில் கால்வாசிதான். டியூனிங் நேரத்துக்குத்தான் பணம் போகிறது. அதைக் குறைக்கப் பார்ப்பது வீண்.

இவ்வளவும் செய்து ஓடுதளத்தில் விட்டால் 16.3. கடைசி வேகம் 139-க்கு ஏறியிருந்தது. அந்த வேகத்துக்கு நேரம் 15.6 பக்கம் வந்திருக்க வேண்டும். 60 அடி நேரம் இன்னமும் 2.6-லேயே நின்றது. சக்தி வந்துவிட்டது, தரைக்கு இறங்கவில்லை. முன் சக்கரங்கள் இரண்டாம் கியர் வரை வழுக்கின, கிளட்சும் நழுவியது.

ஆகவே கவனம் முழுக்கக் காரின் அடிப்பக்கம் திரும்பியது. இந்த வேலைகளைத்தான் நான் முதலிலேயே செய்யச் சொல்வேன்.

எஞ்சின் மவுண்ட்டுகள்: கிளம்பும்போது எஞ்சின் பின்பக்கம் சாய்கிறது, ரப்பர் அதைத் திருப்பி உதைக்கிறது. அந்த ஆட்டத்தில் டயர் பிடியை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கிறது, டகடகவென்று சத்தம். பழைய மவுண்ட்டுகளின் இடைவெளியில் இரண்டு கலவை பாலியூரிதேனை ஊற்றினோம். ரப்பரை பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, அடியில் டேப் ஒட்டி, கலவையை மெதுவாக ஒரு மூலையிலிருந்து ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் உள்ளே காற்று நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். ஆட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைந்தது. சும்மா நிற்கும்போது ஸ்டியரிங் கைகளை உதறும், டிராக் காருக்கு அது பரவாயில்லை.

சஸ்பென்ஷன்: முன்சக்கர இழுவைக் காரில் கிளம்பும் நொடியில் எடை பின்னால் போய்விடும், இழுக்கும் சக்கரம் லேசாகும். அதைத் தடுக்கப் பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கிப் பின்பக்கத்தை உயர்த்தினோம். முன்பக்கம் மேலே எழும்பாதபடி ஷாக்கின் ரீபவுண்டை இறுக்கி, எஃகுக் கம்பியால் ஒரு தடுப்பும் கட்டினோம். ஃபெண்டரில் சென்டிமீட்டர் கோடுகள் போட்ட டேப்பை ஒட்டி, பக்கத்திலிருந்து போனில் மெதுவேகப் படம் எடுத்துப் பார்த்தோம். முன்னால் 7 செ.மீ. எழும்பிக்கொண்டிருந்தது 2.5-க்குக் குறைந்தது. மவுண்ட், புஷ், ஷாக் எல்லாமாக 26,000.

இரண்டு முன் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலை வெல்டு வைத்துப் பூட்டினோம், 3,500. டயர்: எங்கள் வகுப்பில் முழு ஸ்லிக் (கோடே இல்லாத வழவழப்பு டயர்) கூடாது என்பதால் முன்னால் ஒரு ஜோடி செமி ஸ்லிக், 175/60 ஆர்13, 28,000. முன் காற்று 18, பின் காற்று 40 பி.எஸ்.ஐ. கிளட்ச்சுக்கு செராமிக் பிளேட்டும் மாற்றியமைத்த பிரஷர் பிளேட்டும் போட்டோம், 38,000. ஃப்ளைவீலைச் சீவி லேசாக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். சர்க்யூட் ஓட்டத்துக்கு அது சரி. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அந்தக் கனத்தில் சேர்ந்திருக்கும் சுழற்சிதான் இந்தச் சின்ன எஞ்சினைச் சாகவிடாமல் தள்ளுகிறது. தொடாமல் விட்டோம்.

கிளம்பும் ஆர்.பி.எம். எவ்வளவு என்று தேடியதும் பயனுள்ள வேலை. 5500-ல் விட்டால் வெறும் புகை. 3500-ல் எஞ்சின் மூச்சு முட்டியது. கிளம்பும்வரை ஆர்.பி.எம்.-ஐ ஒரே இடத்தில் நிறுத்தும் இசியுவின் லாஞ்ச் கன்ட்ரோலை 4200-ல் பூட்டினோம். 60 அடி நேரம் 2.6-லிருந்து 2.15-க்கு வந்தது, மொத்தம் 15.6.

கணக்கைப் பாருங்கள். எஞ்சினுக்கும் இசியுவுக்கும் 2,25,000, கிடைத்தது 0.7 விநாடி. கிளட்ச்சிலிருந்து டயர் வரை 95,500, கிடைத்தது அதே 0.7. பத்தில் ஒரு விநாடிக்கு அங்கே 32,000, இங்கே 13,600. எஞ்சின் வேலை வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தச் சக்தி இல்லாவிட்டால் டயர் மாற்றியும் இவ்வளவு கிடைத்திருக்காது. ஆனால் அடிப்பக்கத்தை முதலில் செய்திருந்தால் எஞ்சினுக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்து செலவு செய்திருக்கலாம்.

அடுத்து சென்னை. பெங்களூர்க்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் பக்கம்தான் இருக்கும், சென்னையில் 101 பக்கம். இசியுவின் பெட்ரோல் அட்டவணை இந்த அழுத்தத்தை வைத்துத்தான் வரிசை வரிசையாக எழுதப்படுகிறது. இங்கே டைனோவில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் எண் 90-ஐத் தாண்டாது. அதனால் 95, 100 வரிசைகளை எஞ்சின் தொட்டதே இல்லை. அவற்றில் இருந்தவை மென்பொருள் தானாக நிரப்பிய எண்கள்.

சென்னையில் பயிற்சி ஓட்டத்தில் மூன்றாம் கியரில் 6000-க்கு மேல் போனபோது வைட்பேண்டில் லாம்டா (பெட்ரோலுக்குக் காற்று எவ்வளவு என்ற அளவு) 0.95 காட்டியது. எங்கள் இலக்கு 0.87. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், கூடவே 38 டிகிரி வெயில். காலை எடுத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தோம். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பார்த்தோம், அலுமினியத் துகள் எதுவும் ஒட்டியிருக்கவில்லை, பிஸ்டன் தப்பித்தது. நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பில் 90 வரிசை எண்களை அப்படியே 95, 100-க்கு நகலெடுத்து, அதன் மேல் 3 சதவீதம் கூட்டினோம். அந்த வரிசைகளில் இக்னிஷனை 2 டிகிரி பின்தள்ளினோம். டேங்கில் 100 ஆக்டேன் பெட்ரோல். அடுத்த ஓட்டத்தில் லாம்டா 0.86, நேரம் 15.1, கடைசி வேகம் 144. ஊரில் மூச்சுத் திணறிய எஞ்சினுக்குக் கடல் மட்டத்துக் காற்று இலவசமாகக் கொடுத்த சக்தி இது. மகாராஷ்டிரத்தில் மலைமேல் இருக்கும் ஆம்பி வேலி ஓடுதளத்துக்குப் போனால் கணக்கு மறுபடி மாறும். எந்த ஊருக்குப் போனாலும் முதல் ஓட்டத்தை முழுவேகத்தில் ஓடாமல் இசியுவின் பதிவு (லாக்) எடுக்க மட்டும் ஓட்டுங்கள்.

தகுதிச் சுற்று முடிந்து அடுத்த ஓட்டத்தில் கிளம்பிய இடத்திலேயே சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் மூட்டான வலது வெளி சி.வி. ஜாயின்ட் உடைந்தது. பூட்டிய டிஃப், ஒட்டும் டயர், கெட்டியான மவுண்ட். வழுக்கி வீணான விசை முழுவதும் இப்போது அங்கே போய் நின்றது. ஒரு இடத்தைப் பலப்படுத்தினால் அடுத்த பலவீனமான இடம் தன்னைக் காட்டிக்கொள்ளும், அதற்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும். கூண்டு பிளந்து குண்டுகள் கிரீஸோடு தார் மேல் உருண்டன. பாதையில் சிதறியதைப் பொறுக்கி முடிக்கும் வரை போட்டி நின்றது. புது ஜாயின்ட் 7,500. இனி போட்டிக்குப் போனால் இரண்டு பக்கத்துக்கும் முழு டிரைவ் ஷாஃப்ட் ஒன்று உபரியாக வரும்.

போட்டிக்குப் போய்வந்த செலவு தனி: லாரி 22,000, லைசென்ஸ், நுழைவுக் கட்டணம் 15,000, தங்கல், சாப்பாடு, பெட்ரோல் 12,000. எல்லாம் கூட்டி, பழைய சாமான் விற்ற 9,000-ஐக் கழித்தால் 5,98,000. மெக்கானிக் அண்ணன் கூலியில் பாதிதான் வாங்கினார், "உன் வண்டி ஜெயிச்சா என் பட்டறைக்குப் பேர்" என்றார். முழுக்கூலி என்றால் இன்னும் 40,000 சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்பில் முதலில் வந்த கார் 14.4. அதற்கும் எங்களுக்கும் நடுவே இருக்கும் 0.7 விநாடியின் விலைதான் வலிக்கிறது. ஃபோர்ஜ்டு பிஸ்டன், தனித்தனி திராட்டில் பாடி, டாக் கியர்பாக்ஸ் என்று கேட்ட விலைகள் இன்னொரு 5 லட்சத்தைத் தாண்டுகின்றன. அதற்கு முன் செலவில்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. 175/60 டயரின் உயரம் 540 மி.மீ. இந்தச் சின்னச் சக்கரத்தில் 7300 ஆர்.பி.எம்.-மில் மூன்றாம் கியர் 141-ல் முடிந்துவிடுகிறது. ஓசூரில் அது கோட்டுக்குச் சரியாகப் பொருந்தியது. சென்னையில் கோடு கண்முன் இருக்கும்போது நான்காவது போட வேண்டியிருந்தது, அந்த ஒரு மாற்றலுக்குக் கால் விநாடி பக்கம் போனது. 185/60 போட்டால் உயரம் 552 மி.மீ., மூன்றாம் கியரிலேயே 144 வரை போகலாம். தேய்ந்த ஜோடியை எப்படியும் மாற்ற வேண்டும், விலையும் ஏறக்குறைய அதேதான். ஜே.சி. ரோட்டில் சொல்லி வைத்தாயிற்று. அந்த டயரைப் போட்டு ஓசூரிலும் சென்னையிலும் நேரம் எடுத்துப் பார்த்த பிறகுதான் பிஸ்டனைப் பற்றி யோசிப்போம்.